அம்மாவின் சீனி 186, 118, 7.1: இதில் எதை நம்புவது?

களுவாஞ்சிகுடி மகள்:
அம்மாவுக்கு 58 வயது. போன மாதம் கோயிலடியில் நடந்த மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்து, 186 என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலம் இருக்கும். பிறகு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வெறும் வயிற்றில் பார்த்தோம், 118. இதற்கிடையில் லண்டனில் இருந்து வந்த பெரியப்பாவின் மகன் சீனி பார்க்கும் மீற்றர் ஒன்று தந்துவிட்டுப் போனார். நேற்றுக் காலை அதில் குத்தினால் 7.1. அம்மாவுக்கு ஒரே சந்தோசம். "நூற்றிப் பதினெட்டு ஏழாகக் குறைஞ்சிட்டுது, இனி ஏன் கிளினிக்?" என்கிறார். சீனி வருத்தம் இருக்கா, இல்லையா?

ஆய்வுகூடத்துத் தம்பி, கல்முனை:
அக்கா, முதலில் அந்த 7.1. அது குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. லண்டன் மீற்றர் மில்லிமோலில் காட்டும், நம்மூர் றிப்போட் மில்லிகிராமில் வரும். 18ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 128. அதற்காகப் பதறவும் வேண்டாம். நல்ல மீற்றரே 15 வீதம் முன்பின் காட்டலாம். 118உம் 128உம் ஒரே அளவாகவும் இருக்கலாம். வருத்தம் என்று முடிவுகட்ட, கையில் ஊசிபோட்டு எடுத்த இரத்தம்தான் வேண்டும்.

வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் என்றால் பிரச்சினை இல்லை. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126 அல்லது அதற்கு மேல், அதுவும் இரண்டு தடவை வந்தால்தான் நீரிழிவு என்பார்கள். சாப்பாட்டு நேரம் பாராமல் எடுப்பதற்கு 200தான் கணக்கு. கூடவே அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு மெலிவு என்று ஏதாவது இருக்க வேண்டும். பிட்டுக்குப் பிறகு வந்த 186ஐ வைத்து முடிவு சொல்ல முடியாது, சும்மா விடவும் முடியாது. ஒன்று கேட்கிறேன்: 118 வந்த அன்று அம்மா உண்மையிலேயே ஒன்றும் குடிக்கவில்லையா? குறைந்தது எட்டு மணித்தியாலம் பச்சைத்தண்ணி மட்டும்தான்.

களுவாஞ்சிகுடி மகள்:
கேட்டேன் தம்பி. ஐந்தரைக்கு ஒரு பிளேன்டி குடித்தாராம். "அதுக்குள்ள சீனி போடல்ல" என்று சத்தியம் வேறு. கொஞ்சம் கழித்துத்தான் மெல்ல வந்தது: சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடித்தாராம். நேற்றும் அப்படித்தான்.

திருக்கோவில் மாமா:
சிரிக்கிறேன் என்று கோபிக்காதே மகள். எனக்கு ஒன்பது வருசமாகச் சீனி. நான் செய்தது இதற்கு நேர்மாறு. கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கையில் சோற்றையும் எருமைத் தயிரையும் நிறுத்தி, கீரையும் மீனுமாகக் கிடந்து, 104 காட்டி நல்ல பெயர் வாங்குவேன். ஒருநாள் டொக்டர் எச்பிஏ1சி எழுதிவிட்டார். அது இரத்தத்தில் இரண்டு மூன்று மாதமாக இருந்த சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை. 6.5 வீதத்தில் இருந்தே வருத்தம், எனக்கு 8.4. முழியாய் முழித்தேன். அம்மாவுக்கும் அதைச் செய், அதற்குப் பட்டினி தேவையில்லை. வெறும் வயிற்றுச் சோதனையையும் திரும்ப எடு. தேத்தண்ணியைப் பிளாஸ்கில் கொண்டுபோய் இரத்தம் எடுத்த கையோடு கொடு.

களுவாஞ்சிகுடி மகள்:
இரண்டும் செய்தாயிற்று. முதல்நாள் இரவு சீனிப்போத்தலை என் அறையில் வைத்துக்கொண்டு படுத்தேன். வெறும் வயிற்றில் 109, எச்பிஏ1சி 6.0. எல்லைக்கோடுதான். குளிசை தரவில்லை, சோற்றைக் குறைத்து, பின்னேரத்தில் நடந்து, மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். கடற்கரை வரை நடக்க அம்மா சம்மதம். உள்ளங்கைச் சீனிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.