ஒப்படைப்புப் பத்திரத்தில் அந்த ரகசிய உறுதி எந்த வரியில் இருக்கிறது?

வேர்தேடி:
'முன்னாள் இல்லப்பணியாளர்' என்ற பெயரில் இங்கே எழுதும் அம்மையார், தத்துப் போன பிள்ளைகள் வளர்ந்தபின் பெற்ற தாயைத் தேடிப் புறப்படுவது அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம் என்று நேற்று எழுதியிருந்தார். "உன் பெயர் ஒருநாளும் வெளியே வராது" என்று பிள்ளையை விட்டுக்கொடுக்கும்போது தாய் கைநாட்டு வைக்கும் ஒப்படைப்புப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று அடித்தும் சொல்லியிருந்தார். அதைப் படித்தவர்கள் வரிசையாக வந்து ஆமாம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எவரும் பத்திரத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அது என்னைப் பற்றிய பத்திரம். எண்பதுகளில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் வழியாகத் தத்துக் கொடுக்கப்பட்டவன் நான். ஒரே தாள், தட்டச்சு செய்தது. அடியில் ஊதா மையில் கைநாட்டு. சாட்சிகள் இருவர், அதில் ஒருவர் அந்த இல்லத்தின் கணக்கர். பிள்ளையை மனமுவந்து ஒப்படைக்கிறேன், பின்னாளில் உரிமை கோர மாட்டேன், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ தத்துக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று என்னைப் பெற்றவள் மூன்று உறுதிகளைக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு எவரும் எந்த உறுதியையும் கொடுக்கவில்லை. அம்மையார் சொல்லும் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டினால் தெரிந்துகொள்வேன்.

முன்னாள் இல்லப்பணியாளர்:
தம்பி, உங்கள் வயதளவு அனுபவம் எனக்கு அந்த வேலையில் உண்டு. பத்திரம் என்பது வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்த படிவம். அதில் எல்லாம் இருக்காது. திருமணமாகாத பெண்கள் ஏழாம் மாதத்தில், சொந்த ஊருக்குத் தெரியாமல், பெரும்பாலும் வேறு மாவட்டத்திலிருந்து எங்களிடம் வருவார்கள். வீட்டில் நர்சிங் படிக்கப் போயிருக்கிறாள் என்றோ, சித்தி வீட்டில் இருக்கிறாள் என்றோ சொல்லியிருப்பார்கள். பிள்ளையைப் பெற்று, பால் கட்டிக்கொண்ட மார்போடு பேருந்தில் ஏறிப் போன பெண்களை நான் வழியனுப்பியிருக்கிறேன். கைநாட்டு வைக்கும்போது அவர்கள் கேட்ட ஒரே கேள்வி "யாருக்கும் தெரியாதில்லையா அக்கா?" என்பதுதான். தெரியாது என்று நாங்கள் சொன்னோம். இன்று அவளுக்கு மருமகள் வந்திருப்பாள். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் அதைப் பிரித்துப் படிப்பது யார் என்று யோசித்தீர்களா?

வேர்தேடி:
ஆக, வரி இல்லை.

முன்னாள் இல்லப்பணியாளர்:
பத்திரத்தில் என்று நான் சொன்னது பத்திரம் எழுதும் வேளையில் என்ற பொருளில்தான். வேண்டுமென்றே தவறாகப் படிக்கிறவர்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது.

சட்டம்_படித்தவன்:
வரி வரி என்று ஒரே பல்லவியைப் பாடுகிறவருக்கு நீதிமன்றம் என்று ஒன்று இருப்பது தெரியுமா? வெளிநாட்டுத் தத்தெடுப்பு பற்றிய லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி பகவதியின் தீர்ப்பில், பிள்ளையைத் தத்தெடுத்து அழைத்துப்போக வெளிநாட்டவர் தொடுக்கும் பாதுகாவலர் மனுக்களை மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்றும், உத்தரவு பிறந்தவுடன் ஆவணங்கள் அனைத்தையும் முத்திரையிட்டு வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. முத்திரை வைப்பது ரகசியம் இல்லாமல் வேறென்ன? இதற்குமேல் பத்திரத்தில் ஒரு வரி எதற்கு?

வேர்தேடி:
தீர்ப்பைப் பாதியில் மூடி வைத்தவர் அதைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. அந்த ரகசியம் யாருக்காக என்று அதே தீர்ப்பு விளக்குகிறது. மனு பற்றிய அறிவிப்பைச் செய்தித்தாளில் வெளியிடக் கூடாது என்றதற்குக் காரணம், பெற்றவர்கள் தத்தெடுப்பவரை அடையாளம் கண்டு, பிள்ளையைத் தேடிப் போய்த் தொல்லை கொடுக்கலாம், பணம் பறிக்கவும் முயலலாம் என்ற அச்சம். அதாவது, கதவு அந்தத் தாயைக் காப்பதற்காகச் சாத்தப்படவில்லை. அவள் உள்ளே வந்துவிடாமல் இருப்பதற்காகச் சாத்தப்பட்டது. பிள்ளை பக்குவ வயதை அடைந்தபின் பெற்றோரைப் பற்றி அறிய விரும்பினால், அத்தகவலைக் கொடுப்பதில் பெரிய ஆட்சேபணை இருக்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பத்தி உங்கள் புத்தகத்தில் கிழிந்துவிட்டதா?

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2017-இலும் 2022-இலும் வந்த தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் வேர்த்தேடலுக்கென்றே, அதாவது தத்துப் பிள்ளை தன்னைப் பெற்றவரைத் தேடுவதற்கென்றே, தனி விதி உண்டு. 18 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழ் இருந்தால் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைக்கும்போது அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று பெற்றவர் குறிப்பாகக் கேட்டிருந்தால் அவரது எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற வேண்டும். அவர் மறுத்தாலோ, அவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனாலோ கூட, எந்தச் சூழ்நிலையில் பிள்ளை ஒப்படைக்கப்பட்டது என்ற விவரத்தைப் பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும். குறிப்பாகக் கேட்டிருந்தால் மட்டுமே ஒப்புதல் தேவை. குறிப்பாகக் கேட்டதற்கான தடயம் என் பத்திரத்தில் இல்லை. எனவே மறுபடியும் கேட்கிறேன், அந்த வரி எங்கே?

சட்டம்_படித்தவன்:
அதே விதியில், பிள்ளையின் உரிமை பெற்றவரின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது என்ற வாசகமும் இருக்கிறது. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? போன மாதம் டிஎன்ஏ பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தீர்கள்.

வேர்தேடி:
டிஎன்ஏ விவாதத்தில் தோற்ற வலி இன்னும் போகவில்லை போலும். ஒப்புதல் கேட்கும் நடைமுறையே அந்தரங்க உரிமைக்கான ஏற்பாடுதான். கேட்டுவிட்டு அவர் வேண்டாம் என்றால் அது ஒரு பதில். கேட்காமலேயே "அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார்" என்று இல்லத்துக்காரர்கள் பதில் எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

கோவைத்_தகப்பன்:
நான் சட்டம் பேச வரவில்லை. எங்களுக்கு மகள் தத்துப் பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இடத்தில் எங்கள் பெயர்தான் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவின்படி முறையாகப் பெற்றது. இருபது வருடம் கண்ணில் வைத்து வளர்த்தபின் ஒருநாள் அவள் "என் அம்மா யார்?" என்று கேட்டால், அதைக் கேட்கச் சொல்லிக்கொடுக்கும் வேர்தேடி போன்றவர்கள் எங்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? எங்கள் பாசத்தில் என்ன குறை கண்டார்கள்?

வேர்தேடி:
ஐயா, உங்கள் பாசத்தை எவரும் அளக்க வரவில்லை. என் வளர்ப்புத் தாய்தான் அந்தப் பத்திரத்தின் நகலை நகைப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தி, எனக்குத் திருமணம் நிச்சயமான சமயத்தில் கையில் கொடுத்தவர். மருத்துவர் "வீட்டில் யாருக்காவது சர்க்கரை, இதய நோய் உண்டா?" என்று கேட்கும்போது தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருப்பது எப்படிப்பட்டது என்பதை உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவளுக்கு அவள் தத்துப் பிள்ளை என்பது தெரியும்தானே?

கோவைத்_தகப்பன்:
அது எங்கள் குடும்ப விஷயம்.

வேர்தேடி:
தெரிந்துவிட்டது.

சேலத்துக்காரர்:
இரு தரப்பும் பத்திரத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். எங்கள் மாவட்டத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்லாமல் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், யார் என்று கேட்க மாட்டோம் என்றுதான் அரசு அழைத்தது. அப்படி வந்த பிள்ளைகளில் பலருக்குப் பத்திரமும் இல்லை, கைநாட்டும் இல்லை; வந்த தேதியும் எடையும்தான் பதிவேட்டில் இருக்கும். அவர்கள் எந்த வரியைத் தேடுவார்கள்?

வேர்தேடி:
நல்ல கேள்வி, ஆனால் அது தனியாகப் பேச வேண்டியது. இங்கே கேள்வி பத்திரத்தைப் பற்றியது.

சேலத்துக்காரர்:
உங்களிடம் தாள் இருப்பதால் பேச்சைத் தாளுக்குள் முடக்குகிறீர்கள். தாளில்லாதவர்கள் எப்போதும் அடுத்த விவாதத்துக்குத்தான் போக வேண்டும் போலிருக்கிறது.

வன்னியூரான்:
நான் சுவிட்சர்லாந்தில் வசிக்கிறேன். இங்கே இலங்கையிலிருந்து எழுபதுகளுக்கும் தொண்ணூறுகளுக்கும் இடையில் தத்தெடுக்கப்பட்ட பலர் நடு வயதை எட்டிவிட்டார்கள். கோப்பைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய், அதில் இருக்கும் பெண்ணைக் கண்டுபிடித்தால், அவர் தாயே அல்ல என்று தெரியவருகிறது. நீதிமன்றத்தில் தாயாக நடிப்பதற்குக் கூலி கொடுத்து நிறுத்தப்பட்ட பெண்களின் கதை 2017-இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் வெளிவந்து, அப்போதைய இலங்கைச் சுகாதார அமைச்சரும் தத்துக்கு விற்பதற்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைத்த 'குழந்தைப் பண்ணைகள்' இருந்ததை ஒப்புக்கொண்டார். 2020-இல் சுவிஸ் அரசு, அதிகாரிகள் முறைகேடுகளைக் கண்டும் காணாமல் இருந்ததற்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் விசாரணைக் குழு அறிக்கையின்பின் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. ஆகவே பத்திரத்தில் வரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பத்திரமே பொய்யாக இருக்கும்போது ரகசியம் யாருடையது?

முன்னாள் இல்லப்பணியாளர்:
இலங்கையில் நடந்ததை இங்கே கொண்டுவந்து எங்கள் தலையில் கட்ட வேண்டாம்.

வேர்தேடி:
சென்னையில் நடந்ததைச் சொல்லலாமா? தொண்ணூறுகளின் இறுதியில் வடசென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் பொய்ப் பெயர், பொய்ப் பத்திரத்தோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்துப் போனது 2005-இல் அம்பலமானது. அந்தப் பத்திரங்களிலும் 'தாய்' கையெழுத்திட்டிருந்தாள். கோப்பைத் திறக்காதே என்பவர்கள் அந்தக் கோப்புகளையும் சேர்த்துத்தான் மூடச் சொல்கிறார்கள்.

முன்னாள் இல்லப்பணியாளர்:
ஒருவர் திருடினால் ஊரே திருடனா? எங்கள் இல்லத்தில் அப்படி ஒரு பிள்ளை கூட வந்ததில்லை. பிரான்சில் இன்றைக்கும் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லாமலேயே மருத்துவமனையில் பிள்ளை பெற்றுவிட்டுப் போகலாம்; அதைச் சட்டமே காக்கிறது. அப்படிப் பிறந்த ஒரு பெண் வழக்குத் தொடுத்து, 2003-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. நாகரிகமான நாடு என்று நீங்கள் மெச்சுகிற இடத்தில்தான் இது.

வேர்தேடி:
பிரான்சை நான் எங்கே மெச்சினேன்? இங்கிலாந்தில் 1975-இல் சட்டம் மாறி, பழைய தத்துப் பிள்ளைகளும் 18 வயதில் தம் அசல் பிறப்புச் சான்றிதழைப் பெறலாம் என்றானது. ஸ்காட்லாந்தில் அது 1930-இலிருந்தே உண்டு. அயர்லாந்தில் 2022-இல் வந்த சட்டப்படி, தாய் தொடர்பு வேண்டாம் என்று பதிவு செய்திருந்தாலும், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அவள் விருப்பம் என்ன என்பதை முன்கூட்டியே அவனிடம் எடுத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். தகவல் வேறு, தொடர்பு வேறு. பிரான்சிலாவது அந்தப் பெண் தன் வாயால் கேட்டுப் பெறுகிறாள். உங்கள் இல்லத்தில் கேட்டதாக எழுதி வைத்தீர்களா? அந்த வரி?

சட்டம்_படித்தவன்:
அயர்லாந்துச் சட்டத்தை வைத்துச் சேலத்தில் மனுப் போடுங்கள், பார்க்கலாம். அதைவிட உங்கள் அருமை டிஎன்ஏ இருக்கிறதே, எச்சில் துப்பி அனுப்பினால் அம்மா வந்துவிடுவாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னீர்களே, என்ன ஆயிற்று?

வன்னியூரான்:
டிஎன்ஏ-வைக் கேலி செய்ய வேண்டாம். பொய்ப் பத்திரத்தை அதுதான் பிடித்தது. ஆனால் நம்மவர்கள் உறவு தேடும் டிஎன்ஏ தரவுத்தளங்களில் குறைவு என்பதும், அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவு போலக் காட்டும் என்பதும் உண்மை. நெருங்கிய உறவு என்று காட்டுவதை மட்டும் நம்பி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது.

சட்டம்_படித்தவன்:
இதைத்தான் நான் போன மாதம் சொன்னேன். அப்போது என்னை அறிவிலி என்றார்.

வேர்தேடி:
அறிவிலி என்று சொல்லவில்லை, அரைகுறை என்றேன். தேதியோடு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

முன்னாள் இல்லப்பணியாளர்:
இத்தனை பேசுகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். எந்தப் பெண் என்ன கேட்டாள், எந்த ஊர், அழைத்து வந்தது யார் என்பதையெல்லாம் நான் என் கைப்பட ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "தெரியக் கூடாது" என்று சொன்னவர்களுக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். அந்த நோட்டு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனவே எழுதி வைக்கவில்லை என்று பேச வேண்டாம்.

வேர்தேடி:
ஒரு நிமிடம். பிள்ளைகளின் பிறப்பு விவரம் அடங்கிய பதிவேடு, ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டு அலமாரியில் இருக்கிறதா? இல்லத்தின் கோப்பில் இல்லாத ஊரும் பெயரும் அதில் இருக்கின்றனவா? வெளிநாட்டுத் தத்தெடுப்பு பற்றிய 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, பிள்ளையின் பூர்விகம் பற்றிய தகவலைப் பாதுகாத்து வைக்கும் பொறுப்பை அரசின் உரிய அமைப்புகளிடம் ஒப்படைக்கிறது. இந்தியா அதை 2003-இல் ஏற்றது. உங்கள் அலமாரி அந்த உரிய அமைப்புகளில் சேர்த்தியா அம்மா?

முன்னாள் இல்லப்பணியாளர்:
அது என் சொந்த நோட்டு. என் காசில் வாங்கியது.

சட்டம்_படித்தவன்:
அம்மா, உங்கள் பக்கம் நின்று பேசுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நோட்டைப் பற்றி இங்கே மேற்கொண்டு எழுதாமல் இருப்பது நல்லது. அதை முறைப்படி இல்லத்திடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

முன்னாள் இல்லப்பணியாளர்:
ஒப்படைத்தால் அடுத்த வாரம் நகல் எடுத்து எவன் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். மூன்றாம் நபர் மூலம் வேர்த்தேடல் கூடாது என்று நீங்கள் கொண்டாடும் விதியிலேயே இருக்கிறது; ஆனாலும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகத் தேடித் தருகிறோம் என்று காமிராவோடு என் வாசலுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். கலெக்டரே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

சேலத்துக்காரர்:
அந்த நோட்டில் தொட்டில் பிள்ளைகள் யாராவது உண்டா?

வேர்தேடி:
அதைப் பிறகு கேட்கலாம். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்பதை மட்டும் சொல்லுங்கள் அம்மா. பெயர் வேண்டாம். 1980-களில் வந்தவர்களும் அதில் உண்டா?

முன்னாள் இல்லப்பணியாளர்:
இதுவரை அம்மையார், இப்போது அம்மா ஆகிவிட்டேன். சொல்ல மாட்டேன்.

கோவைத்_தகப்பன்:
அம்மா, கொடுக்காதீர்கள்.

வேர்தேடி:
மகளுக்கு இன்னும் உண்மையைச் சொல்லாதவர் அடுத்தவருடைய நோட்டுக்குக் காவல் நிற்க வேண்டாம். அம்மா, நீங்கள் சொல்லாவிட்டாலும் இந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவுக்கும் மாவட்ட அலகுக்கும் திங்கட்கிழமை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பப் போகிறேன்.

முன்னாள் இல்லப்பணியாளர்:
அனுப்புங்கள். இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவர்கள் முதலில் கண்டுபிடிக்கட்டும்.