எபனைட் ஐட்ராப்பர் உட்பட 6 பேனா: ஸ்கூட்டருக்கும் ஊட்டி ரோட்டுக்கும் எந்த உறை தாங்கும்?

பெருந்துறை மைக்கூடு

வணக்கமுங்க. பேனா உறை ஒண்ணு எடுக்கணும். கூடவே கொண்டுபோற பேனா மொத்தம் ஆறு: ரங்கா எபனைட் ஐட்ராப்பர் (கெட்டி ரப்பர் உடம்பு, அதுக்குள்ளயே நேரா மை ஊத்துறது; மூடியோட நீளம் 152 மி.மீ., மூடி வாய்கிட்ட பருமன் 17 மி.மீ.), லாமி சஃபாரி ரெண்டு, டுவிஸ்பி ஈக்கோ, பைலட் மெட்ரோபாலிட்டன், அப்புறம் பழைய செல்லுலாய்டு பேனா ஒண்ணு.

தினமும் பெருந்துறையிலிருந்து திருப்பூருக்கு ஸ்கூட்டர். மாசத்துல ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் வழியா ஊட்டிக்கு பஸ். பட்ஜெட் 1500 ரூபாய். பார்த்து வெச்சது நாலு: ஜிப் வெச்ச 12 பேனா ரெக்சின் கேஸ், மூணு பேனா தோல் உறை, மூக்குக் கண்ணாடி வைக்கிற கெட்டி டப்பா, துணியில சுருட்டுற உறை. ரெண்டு விஷயம் தெளிவாகணும். பேனாவுல கீறல் விழக்கூடாது. மை கசிஞ்சு மூடிக்குள்ள நிக்கக்கூடாது. எது சரிவருமுங்க?

வெர்னியர்

எத்தனை பேனா பிடிக்கும்னு பார்த்து உறை எடுத்தா ஏமாறுவீங்க. இருக்கிறதுலயே குண்டான பேனாவை வெச்சுத்தான் அளவு பார்க்கணும். உங்களுக்கு அது எபனைட். கோயமுத்தூர்ப் பக்கம் எந்தப் பட்டறையிலயும் வெர்னியர் கிடைக்கும். இல்லைன்னா ஒரு காகிதப் பட்டையைப் பேனாவைச் சுத்தி ஓட்டி, முனை சேர்ற இடத்துல கோடு போட்டு, பிரிச்சு ஸ்கேல்ல வெச்சா சுற்றளவு தெரிஞ்சிரும். கிளிப்பையும் சேர்த்துச் சுத்துங்க. பலபேர் உடம்பை மட்டும் அளந்துட்டு, கிளிப் 3, 4 மி.மீ. துருத்திக்கிட்டு நிக்கிறதை விட்டுடறாங்க. பேனா உள்ளே போகாம முரண்டு பிடிக்கிறது அந்த இடத்துலதான்.

ரெண்டு துணியை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுத் தைச்ச அறைக்குக் கணக்கு இது: பருமனை 1.57 ஆல பெருக்கி (காகிதத்துல அளந்திருந்தா சுற்றளவுல பாதி), 5 மி.மீ. தளர்ச்சி சேர்க்கணும். 17 மி.மீ. பேனாவுக்கு 27 மி.மீ. வரும், தளர்ச்சியோட 32. சாதாரணமா விக்கிற 12 பேனா கேஸ்ல அறை சஃபாரி பருமனுக்குத்தான் இருக்கும். அதுக்குள்ள எபனைட்டை அமுக்கினா பக்கத்து அறையும் இறுகிப்போகும்.

ரெக்சின் ஜிப் கேஸ்ல எலாஸ்டிக் வளையம் வெச்ச மாடலை எடுக்கவே வேண்டாம். வெயில்ல எலாஸ்டிக் சீக்கிரம் தொய்ஞ்சிரும். அதுக்கப்புறம் பேனா வளையத்துல வழுக்கி கீழ்முனையில போய் முட்டும். எதிரெதிரா ரெண்டு வரிசை இருக்கிற கேஸ்னா நடுவுல ஒரு மடிப்புத்துணி கட்டாயம் வேணும். அது இல்லைன்னா மூடும்போது இந்தப் பக்கத்துக் கிளிப் அந்தப் பக்கத்து மூடியில உரசும். சஃபாரி கிளிப் தடிக் கம்பியை வளைச்சது. உங்க செல்லுலாய்டுல கோடு போட அது ஒண்ணே போதும்.

நீளத்துலயும் ஏமாறாதீங்க. வெளியளவு 170 மி.மீ.ன்னு போட்டிருப்பாங்க. ஓரத்தையல் போக, மூலை வளைவு போக உள்ளே 150 நிக்கும். 152 மி.மீ. பேனா குறுக்கா நின்னு ஜிப்பை நெருக்கும். உலோகப் பல் ஜிப்பைத் தவிர்த்துடுங்க. நைலான் சுருள் ஜிப்பா இருக்கணும், அதுக்கு உட்பக்கம் ஒரு துணி மறைப்பும் இருக்கணும்.

குன்னூர் ஏத்தம்

கீறல் பத்தி மேல சொல்லியாச்சு. கசிவுக்கு உறையைக் குத்தம் சொல்ல முடியாது, பேனாவுக்குள்ள இருக்கிற காத்துதான் காரணம்.

பில்லர்ல மை ஊத்துற பேனாவுக்கு உடம்பே மைத்தொட்டி. பாதி எழுதித் தீர்ந்ததும் மீதி இடத்துல காத்து நிக்குது. 2 மில்லி காத்துன்னு வெச்சுக்குங்க. காலையில 28 டிகிரி, மத்தியானம் ஸ்கூட்டர் டிக்கியில 45 டிகிரி ஆச்சுன்னா அந்தக் காத்து 5 முதல் 6 சதவீதம் விரியும். ஏறக்குறைய 0.1 மில்லி, ரெண்டு சொட்டு மை வெளியே தள்ளும். இது வெறும் சூட்டுக்கணக்கு.

ஊட்டி ஏத்தத்துல கணக்கு வேற. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல சுமார் 325 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். கீழே 975 மில்லிபார் இருக்கிற காத்தழுத்தம் மேலே 770 பக்கம் இறங்கிடுது. மேலே குளிர்றதைக் கழிச்சாலும் அதே 2 மில்லி காத்து 2.4 மில்லி ஆகப் பார்க்கும். 0.4 மில்லி, எட்டுச் சொட்டு. சஃபாரி மாதிரிப் பேனாவுல ஃபீட்டுல (நிப்புக்கு அடியில மையைக் கொண்டுவர்ற பாகம்) நிறைய செதில் வெட்டியிருக்கும், கொஞ்சம் மையைத் தாங்கும். கையால செதுக்கின எபனைட் ஃபீட்டுல செதில் குறைவு. அத்தனையும் மூடிக்குள்ளதான் வந்து நிக்கும்.

வழி ரெண்டே ரெண்டு. ஒண்ணு, மேட்டுப்பாளையத்துலயே கழுத்துவரைக்கும் மை நிரப்பிட்டு ஏறுங்க. உள்ளே 0.2 மில்லி காத்துதான் இருக்குன்னா அது விரிஞ்சு தள்றது ஒரு சொட்டுகூட வராது, ஃபீட்டே தாங்கிக்கும். இன்னொண்ணு, சுத்தமா காலி பண்ணிட்டு ஏறுங்க. பாதி மையோட ஏறுறதுதான் வில்லங்கம். எப்படி ஏறினாலும் நிப்பு மேல பார்த்து நிக்கணும். அப்போ விரியுற காத்து ஃபீட் வழியா நேரா வெளியேறிடும், மை கீழேயே இருக்கும். படுக்கவெச்ச பேனாவுல காத்துக்கு முன்னாடி மை வெளியே வந்துரும். அதனால உறை எதுவா இருந்தாலும் பைக்குள்ள செங்குத்தா நிக்கிற மாதிரி வேணும். கண்ணாடி டப்பா பையில படுத்துத்தான் கிடக்கும். உங்களுக்கு அது ஒத்துவராது.

ஈக்கோவுக்கும் இதே விதிதான், நிரப்பிட்டு ஏறுங்க. பைலட் கஸ்டம் 823, ஓபஸ் 88 மாதிரி வால்வு வெச்ச பேனாவா இருந்தா குமிழை முழுசா திருகி மூடினா தொட்டிக்கும் நிப்புக்கும் தொடர்பே அறுந்துடும். மலைக்கு அதுதான் கவலையில்லாத பேனா.

ஐட்ராப்பர் மரையில சிலிக்கான் கிரீஸ் மெலிசா தடவியிருக்கணும். அது உடம்பு மரை வழியா கசியாமத்தான் பார்த்துக்கும், நிப்பு வழியா கக்குறதை நிறுத்தாது. மேலே போய்ச் சேர்ந்ததும் பேனாவை நிமிர்த்தி வெச்சே மூடியைத் திறந்து, டிஷ்யூவைச் சுருட்டி மூடிக்குள்ள விட்டுத் துடைச்சிடுங்க. மூடி மரையில மை தங்கிட்டா காஞ்சு பிசுக்காகி, அடுத்த தடவை திறக்கவே மல்லுக்கட்டணும்.

ஆவாரம்பட்டை

தோல் உறை பத்தி. பையைத் திறந்ததும் எந்தத் தோல்னு மூக்குலயே தெரியும். ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரித் தாவரச் சாறுல பதனிட்ட தோலுக்குக் கெட்டிப்பும் மண்வாசனையும் இருக்கும், பேனா உருவத்துக்கு நாளடைவுல படிஞ்சு கொடுக்கும். குரோம் உப்புல பதனிட்டது மெத்துனு இருக்கும், தண்ணி பட்டா அவ்வளவா கறை நிக்காது. பேனாவுக்கு ரெண்டும் சரிதான். பார்க்க வேண்டியது உள்பக்கத்தை. அஸ்தர் (உள்துணி) கொடுக்காத தோலோட சொரசொர பக்கத்துல தூள் உதிரும், சாயமும் ஒட்டும். வெள்ளைத்துணியை விரல்ல சுத்தி உறைக்குள்ள விட்டு அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. துணியில நிறம் ஏறினா வெளிர்நிற சஃபாரியிலயும் ஏறும்.

புது உறை இறுக்கமா இருந்தா தண்ணியில நனைச்சு இளக்காதீங்க. அதே பருமனுள்ள மார்க்கர் பேனாவைச் சொருகி ரெண்டு நாள் விட்டா போதும். ஐப்பசி அடைமழையில தோல் உறையைப் பீரோவுல பூட்டி வெச்சா பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த துணியால துடைச்சு நிழல்ல காத்தாட விடுங்க. வெயில்ல போட்டா வெடிச்சிரும்.

ரெக்சின் வேண்டாம்னுதான் நானும் சொல்வேன். பாலியூரித்தேன் பூச்சு கொஞ்ச வருஷத்துல ஈரத்தை உறிஞ்சிச் செதில் செதிலா உரியும், அந்தச் செதில் மூடி மரைக்குள்ள போகும். மஞ்சள் ஸ்பாஞ்சும் இதே கதிதான். டப்பாவுக்கு உள்ளே ஏதாவது வெட்டி வைக்கணும்னா செருப்புக்குப் போடுற ஈ.வி.ஏ. ஷீட் 3 மி.மீ. கனத்துல வாங்குங்க. பிசுபிசுன்னு இருக்கிற பி.வி.சி. உறையில பேனாவை வைக்கவே வைக்காதீங்க. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் கசிஞ்சு பிளாஸ்டிக் மேல ஒட்டும்.

முக்கியமானது: செல்லுலாய்டை மத்த பேனாக்களோட ஒரே உறையில அடைக்காதீங்க. அதுல கற்பூரமும் நைட்ரேட்டும் இருக்கு. பழசாகச் சிதையும்போது அமில ஆவி விடும். காத்துப்போகாத சூடான இடத்துல அது வேகமா நடக்கும், பக்கத்துக் கிளிப்பும் நிப்பும் அரிச்சுப்போகும். சட்டுனு தீப்பிடிக்கிற பொருளும்கூட. தனிப் பருத்தி உறையில போட்டு வீட்டுலயே வைங்க. எபனைட்டுல கந்தகம் இருக்கு, வெள்ளி வேலைப்பாடுள்ள பேனா பின்னாடி வாங்கினா அதையும் எபனைட்டையும் பக்கத்துப் பக்கத்துல அடைக்காதீங்க, வெள்ளி கறுத்துப்போகும். மத்தபடி எபனைட்டுக்கு இருட்டு உறை நல்லது. வெளிச்சம் பட்டுப்பட்டுக் கறுப்பு எபனைட் பழுப்படிக்கும்.

பெருந்துறை மைக்கூடு

ரொம்ப நன்றிங்க. செல்லுலாய்டை வீட்டுலயே வெச்சிடறேன், ஆக அஞ்சு பேனா. சுருட்டு உறையைத் திருப்பூர்லயே தைக்கக் கொடுத்துடலாம்னு தோணுது. அளவும் துணியும் யாராவது சொன்னா அப்படியே எழுதிக் கொடுத்துடுவேன்.

பவர் டேபிள்

சொல்றேங்க, அப்படியே குறிச்சுக்குங்க. பேனா அஞ்சா இருந்தாலும் ஆறு அறையே போடச் சொல்லுங்க, ஒண்ணு துடைக்கிற துணிக்கு.

வெளித்துணி கெட்டிப் பருத்தி கேன்வாஸ். கரூர்ல டேபிள் மேட் தைக்கிற கனத்துத் துணி மீதிவிலையில கிடைக்கும், அது போதும். பவானி ஜமுக்காளம் கேட்க நல்லாயிருக்கும், ஆனா மடிப்பு நாலு அடுக்கு சேர்ற மூலையில ஊசி உடையும், வெட்டின ஓரம் பிரிஞ்சுகிட்டே போகும். உள்துணிக்கு ஒரு பக்கம் மட்டும் பிரஷ் பண்ணின பனியன் பிளீஸ், மிருதுப்பக்கம் பேனாவைப் பார்த்து இருக்கணும். டர்க்கி டவல் மாதிரி வளையம் வளையமா நூல் நிக்கிற துணி ஆகாது. கிளிப் முனை அந்த வளையத்துல மாட்டி நூலை இழுக்கும். ரெண்டு துணியையும் வெட்டுறதுக்கு முன்னாடி அலசுங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசணும். கஞ்சியும் போகும், மிச்சச் சாயமும் போகும், சுருங்குறதும் அப்பவே சுருங்கிடும்.

உங்க 152 மி.மீ. பேனாவுக்கு உயரம் இப்படி: அறை ஆழம் 130, முதுகு 175, மேல மடிஞ்சு மூடுற நாக்கு 85. கூட்டினா 390. தையலுக்கு மேலும் கீழும் 10 விட்டா 410 மி.மீ. அகலத்துக்கு ஆறு அறை 32 வீதம் 192, அறைக்கும் அறைக்கும் நடுவுல 8 மி.மீ. இடைவெளி அஞ்சு, அது 40. ரெண்டு ஓரமும் 15 வீதம் 30, தையலுக்கு 20. மொத்தம் 282.

அந்த 8 மி.மீ. இடைவெளியை டெய்லர் விட்டுடுவார். ஒரே தையல்ல ரெண்டு அறையைப் பிரிச்சிட்டா பேனா ரெண்டும் ஒட்டி நிக்கும். அறையை விட்டு வெளியே தெரியுற மூடித்தலை ரெண்டும் ஸ்கூட்டர் குலுக்கல்ல ஒண்ணோட ஒண்ணு டக்கு டக்குன்னு இடிக்கும். அதனால அறைக்கு நடுவுல ரெண்டு தையல் போடச் சொல்லுங்க. அறை ஆழத்தை 130க்குக் குறைக்கவும் விடாதீங்க.

ஊசி 16ம் நம்பர், கேன்வாஸ் ரொம்பக் கெட்டின்னா 18. தையல் நீளம் 3 மி.மீ. ஒவ்வொரு தையலும் அறைவாயில முடியுற இடத்துல பார்டாக் (ஒரே இடத்துல நெருக்கமா அடிக்கிற பூட்டுத்தையல்) அடிக்கணும், பேனாவைச் சொருகி எடுக்கும்போது முதல்ல பிரியுறது அந்த முனைதான். ஓவர்லாக் அடிச்ச ஓரம் உள்ளே பேனா பக்கம் வரவேண்டாம், ரெண்டு துணிக்கும் நடுவுல போயிடணும். கட்டுறதுக்கு நாடா போதும். உலோகப் பக்கிள் வைக்காதீங்க, சுருட்டும்போது அது உள்ளே மாட்டினா கீறும்.

வெர்னியர்

அளவு சரியா இருக்கு. ஒரு சேர்ப்பு: சுருட்டத் தொடங்குற ஓரம்தான் நடுவுல ரொம்ப இறுகும். அந்த அறையில துடைக்கிற துணி, அடுத்து மெட்ரோபாலிட்டன், கடைசி அறையில எபனைட்.

கிளிப் மேல பார்த்து சொருகினா நிப்பும் மேல பார்த்துத்தான் நிக்கும். நாக்கு இருக்கிற முனை எப்பவும் மேல இருக்கணும்ங்கிறதுக்கு அந்த முனையில வெளியே சிவப்பு நாடா ஒரு அங்குலம் தைக்கச் சொல்லுங்க. அவசரத்துல தலைகீழா சொருகாம இருக்க அது உதவும். அஞ்சு பேனாவோட சுருட்டினா 65, 70 மி.மீ. பருமன் வரும், முதுகுப்பைக்குள்ள லேப்டாப்புக்குப் பக்கத்துல செங்குத்தா நிக்கும். வெளியே தண்ணிபாட்டில் பாக்கெட்டுலயும் நிக்கும்தான், ஆனா அங்க நேரா வெயில் அடிக்கும். டிக்கியில போடாதீங்க, கீழே இன்ஜின் சூடு.

குன்னூர் ஏத்தம்

ஊட்டி போற நாளைக்கு மட்டும் எபனைட்டை ஒரு சின்ன ஜிப்லாக் பையில போட்டு, பிறகு அறையில சொருகுங்க. பையை முழுசா மூடாம ஒரு மூலையைத் திறந்து விடுங்க. கக்கினாலும் மை பையோட நிக்கும், பக்கத்து அறை நனையாது. கீழே இறங்கும்போது உள்காத்து சுருங்கும், அப்போ மை வெளியே தள்ளாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேனாவைப் பையிலிருந்து எடுத்துடுங்க, ராத்திரி முழுக்க அதுலயே கிடக்க வேண்டாம்.