இத்தாலியின் சின்ன ஊர்களில் குடும்பத்தோடு: பார்த்ததும் பழகியதும்

ஈரோட்டிலிருந்து ஒரு மருமகள்

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இத்தாலி போகலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். ஆனால் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் பயணம் வேண்டாம். மாமா, அத்தை, நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் மகள் என்று நாங்கள் போனதில் இன்றும் வீட்டில் பேச்சு அடிபடுவதெல்லாம் சின்ன ஊர்கள்தான். அங்கே இருப்பவர்களுக்கு நம்மோடு நின்று பேச நேரம் இருக்கிறது. ஒரே ஊரில் தங்கிவிட்டால் நமக்கும் நேரம் கிடைக்கிறது.

அதிகம் தங்கியது லூக்காவில். ஃபிளாரன்ஸிலிருந்து சாதாரண ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. (காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் இருக்கும் இயந்திரத்தில் விட்டு முத்திரை குத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அபராதம்.) ஊரைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் கோட்டை மதில். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது. எங்கும் அறுபடாமல் முழுசாக நிற்கிறது. மதிலின் மேலே நம் ஊர்த் தெருவைவிட அகலமான பாதை, வரிசையாக மரங்கள், உட்கார பெஞ்சுகள். சாயங்காலம் ஆனால் ஊரே அங்கே ஏறிவிடும். அவசரமாக எங்கும் போவதற்காக இல்லை, நடந்து நாலு பேரைப் பார்த்துப் பேசத்தான்.

அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. மேலே ஏறச் சாய்தளமும் இருந்ததால் மெதுவாக ஏறிவிட்டார். வழக்கமாக ஒரே பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் தன் பேரனைக் கூட்டிவரும் ஒரு பாட்டி. முதல் நாள் தலையாட்டல். அடுத்த முறை அந்த அம்மா அத்தையின் கண்ணாடி வளையல்களைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் இத்தாலியனில், அத்தை தமிழில். விரலை மடக்கிப் பிள்ளைகள் எத்தனை, பேரப்பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டார்கள். மொபைலில் மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்று நான் போனபோது, "நீ சும்மா இரு கண்ணு, எங்களுக்குப் புரியுது" என்றார் அத்தை. உண்மையில் புரிந்துதான் இருந்தது. அந்தப் பாட்டியின் மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்ட வருத்தத்தை அத்தைதான் எங்களிடம் சொன்னார்.

லூக்காவில் அத்தைக்குக் கிடைத்த இன்னொரு சிநேகம், விறகடுப்பில் சுட்டு விற்கும் ஒரு கடைக்காரர். லூக்கா இருக்கும் டஸ்கனி மாநிலத்தின் கடற்கரைப் பக்கம் 'செசினா' என்று ஒன்று சுடுவார்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகலமான வட்டத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, கொளுத்தும் விறகடுப்புக்குள் தள்ளி எடுத்து, மிளகுத்தூள் தூவித் துண்டு போட்டுத் தருவார்கள். மேல்பக்கம் சிவந்து மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய்போல இருக்கும். அத்தை ஒரு வாய் சாப்பிட்டதும் "இது கடலை மாவு!" என்றார். கடைக்காரரிடம் போய் விரல் நுனிகளைத் தேய்த்து மாவு காட்டச் சொன்னார். மனிதர் உள்ளே கூப்பிட்டுக் கரைத்து வைத்திருந்த மாவையே காட்டினார். தோசை மாவைவிட எவ்வளவோ நீர்க்க இருந்தது. சில மணி நேரம் அப்படியே வைத்து, மேலே கட்டும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டுமாம். அந்த நுரையை வழிக்க அத்தையின் கையில் கரண்டியைக் கொடுத்தாரே, அதை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம்.

மதியம் ஒரு மணிக்குப் பிறகு பல கடைகளைச் சாத்திவிடுவார்கள். மூன்றரை, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இரவுச் சாப்பாடும் ஏழு, ஏழரைக்கு முன்னால் கிடைக்காது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பெரியவர்களோடு போனால் இதுதான் வசதி. மதியம் ஒரு தூக்கம், பிறகு வெளியே. என் கணவரும் மகளும் அந்த நேரத்தில் குயினீஜி கோபுரத்தில் ஏறிவிட்டு வந்தார்கள். அதன் உச்சியில் கருவாலி மரங்கள் வளர்ந்து நிற்கின்றன.

மாமாவுக்குப் பிடித்துப்போன ஊர் ஓர்வியேத்தோ. எரிமலைப் பாறை மேட்டின் தலையில் இருக்கும் ஊர். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இழுவை ரயில் ஏறினால் சில நிமிடத்தில் மேலே. 1290இல் தொடங்கிய பெரிய தேவாலயத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கல்வரி, முகப்பெல்லாம் மின்னும் மொசைக், அழகுதான். ஆனால் இழுவை ரயில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிணறு இருக்கிறது என்று தெரிந்ததும் மாமா வேறெங்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். சிறுவயதில் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர் அவர். சால், வடம், மாடு, எல்லாம் கைப்பழக்கம்.

1527இல் படைகள் ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி வந்து இந்த ஊரில் தங்கினார். முற்றுகை வந்தால் பாறை மேல் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயத்தில் வெட்டச் சொன்ன கிணறு இது. கட்டடக் கலைஞர் அந்தோனியோ தா சங்கால்லோ. வேலை முடிந்தது 1537இல். சுமார் 53 மீட்டர் ஆழம், 13 மீட்டர் அகலம். தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் இறங்க ஒரு சுழல் படி, ஏற இன்னொரு சுழல் படி. இரண்டும் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றிப் போகின்றன, வழியில் எங்கும் சந்திப்பதில்லை. ஒவ்வொன்றிலும் 248 படிகள். அடியில் ஒரு சின்னப் பாலத்தைக் கடந்து அடுத்த படிக்கு மாறிக்கொள்ளலாம்.

மாமா ஒவ்வொரு சன்னலிலும் நின்று நின்று இறங்கினார். சுவரில் எதுவரை பாறை, எங்கிருந்து செங்கல் கட்டு என்று தடவிப் பார்த்தார். அங்கே வேலை பார்த்த ஒருவர் இதைக் கவனித்து அருகில் வந்தார். மாமா கவலை ஓட்டும் விதத்தை நடித்தே காட்டினார்: மாடு சரிவில் இறங்குவது, சால் மேலே வருவது, தண்ணீர் கொட்டுவது. அந்த மனிதர் தன் தாத்தாவும் விவசாயிதான் என்று மகளின் மொபைல் வழியாகச் சொல்லிவிட்டு மாமாவின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். காய்ப்பு இன்னும் இருக்கிறது.

ஊருக்கு வந்தபின் ஆடிப் பதினெட்டுக்குச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில் கூடியது. பவானி கூடுதுறையில் குளித்துவிட்டு வந்து, மதியச் சாப்பாடு முடிந்து வாசலில் பாய் விரித்தாயிற்று. பங்காளி வீட்டுப் பெரியவர்களுக்கு மாமா கிணற்றைச் சாக்பீஸால் தரையில் வரைந்து விளக்கினார். எவ்வளவு மண் வந்திருக்கும், அதை எங்கே கொட்டினார்கள் என்று அவர்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. அத்தை இரும்புத் தோசைக்கல்லில் செசினா சுட்டார். விறகடுப்பின் சூடு மேலேயிருந்து வராததால் மேல்பக்கம் சிவக்கவில்லை, திருப்பிப் போட்டார். ருசி ஏறக்குறைய அதேதான். கொழுந்தனார் பிள்ளைகள் பச்சை மிளகாய் சேர்க்கச் சொன்னார்கள். அத்தை சேர்க்கவே இல்லை.

பலெர்மோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்தவர்

அக்கா, வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. அடுத்த முறை தெற்கே சிசிலிக்கும் வாருங்கள். கடலை மாவு இங்கேயும் இருக்கிறது: 'பனெல்லே' என்று மெல்லிய துண்டுகளாகப் பொரித்து, பாணுக்குள், அதாவது ரொட்டிக்குள், வைத்து வீதியிலேயே விற்பார்கள்.

எங்கள் ஆட்கள் கனபேர் இங்கே இருக்கிறார்கள். சைவமோ கத்தோலிக்கமோ, பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. பாறைக் குகைக்குள்ளே கோயில். மேலே கசியும் தண்ணீரைத் தகரப் பீலிகள் வைத்து வடியவிட்டிருப்பார்கள். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்தவள் என்று பலெர்மோக்காரர் கொண்டாடும் புனிதை அவர். யூலை நடுவில் நகரத்தில் பெரிய திருவிழா. செப்டெம்பர் 4ஆம் திகதியை ஒட்டி மலைக்கு நடந்து ஏறுவார்கள். நேர்த்தி வைத்து ஏறும் எங்கள் அம்மாமாரைப் பார்த்து ஊர்ச் சனங்கள் வழிவிட்டு நிற்பார்கள்.

ஞாயிறு கோயிலால் வந்தால் மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டில் எல்லாரும் கூடுவோம். பல்லாரோ சந்தையில் வாங்கின கத்தரிக்காயில் பால்கறி, சோறு, சொதி. என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள்; பள்ளிச் சிநேகிதரையும் கூட்டி வருவார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது சொதியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

மதுரைக்காரர்

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சாப்பாட்டுக்கு எப்படிச் சமாளித்தீர்கள்? கிணற்றில் பெரியவர்களை இறக்கலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு மருமகள்

தம்பி, சமையலறை உள்ள வீடாக வாடகைக்கு எடுங்கள். வெளியே சாப்பிடும்போது மூன்றைக் கவனியுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை ஊற்றித்தான் செய்வார்கள். அம்மாவுக்கு ஆகாது என்றால் 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ' என்று சொல்லிவிடுங்கள். காய்கறி சூப்பிலும் இறைச்சி வேகவைத்த சாறு இருக்கலாம். கீரை போட்ட பாஸ்தாவில் நெத்திலி கரைந்திருக்கலாம், கண்ணுக்கே தெரியாது. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். டஸ்கனியில் ரொட்டிக்கு உப்பு போட மாட்டார்கள், ஊறுகாய் கொண்டு போங்கள்.

கிணற்றில் மின்தூக்கி கிடையாது. இறங்கியவர் ஏறித்தான் ஆக வேண்டும். முழங்கால் வலி இருந்தால் அம்மாவை மேலேயே, மரநிழலில் உட்கார வையுங்கள். பாறை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். எங்கள் அத்தை அப்படித்தான் இருந்தார். பெரிய தேவாலயத்துக்கு அங்கிருந்தே சின்ன பஸ் போகிறது.