ஓடைக்காரர்கள்

தம்பி: (ஃபார்வர்ட்) நியாம்கிரி மலையில் சுரங்கம் தோண்ட உச்ச நீதிமன்றம் தடை!! பழங்குடிகளுக்கு வெற்றி!! அனைவருக்கும் பகிரவும்!!

அக்கா: டேய், கோர்ட் எங்கே தடை போட்டது? 2013 ஏப்ரலில் "கிராம சபைகளைக் கேளுங்கள்" என்றுதான் சொன்னது. வேண்டாம் என்று சொன்னது ஊர்க்காரர்கள்.

பெரியப்பா: எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்றால் அலுமினியம் வானத்திலிருந்தா கொட்டும்? நீ தட்டிக்கொண்டிருக்கும் போனிலும் அது இருக்கிறது.

அக்கா: இருக்கட்டும் பெரியப்பா. ஆனால் அந்த உச்சியில் இருக்கிற பாக்சைட், அதாவது அலுமினியம் எடுக்கிற தாது, பஞ்சு மாதிரி. உள்ளே முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். கோடையிலும் ஓடை ஓடுவது அதனால்தான். வம்சதாரா ஆறே அந்தப் பக்கம்தான் பிறக்கிறது. உச்சியை வெட்டினால் தண்ணீர்த் தொட்டியையே பெயர்த்துக்கொண்டு போன கதைதான்.

சித்தி: ஒடிசாதானே? டோங்ரியா கோந்த் மக்கள்?

அக்கா: ஆமாம் சித்தி. ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்கள். அவர்கள் தங்களை 'ஜர்னியா' என்றும் சொல்லிக்கொள்வார்கள். ஜர்னா என்றால் ஓடை.

சித்தி: அட, ஓடைக்காரர்கள்!

அக்கா: உச்சிக் காடு நியம ராஜாவுக்குச் சொந்தம், மரத்தில் கை வைக்கக் கூடாது. சாமி பேரிலேயே நீர்ப்பிடிப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்.

பெரியப்பா: சரி, எத்தனை ஊரைக் கேட்டார்கள்?

அக்கா: 12. மலையில் நூற்றுக்கு மேல் ஊர் உண்டு. மாநில அரசு பொறுக்கி எடுத்தது அவ்வளவுதான், எனக்கு அதிலேயே எரிச்சல். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாவட்ட நீதிபதி முன்னால் ஒவ்வொரு ஊராகக் கூட்டம் நடந்தது.

தம்பி: ஸ்கோர்?

அக்கா: 12-க்கு 12. ஒரு ஊர்கூட சம்மதிக்கவில்லை. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்துவிட்டது.

பெரியப்பா: பொறுக்கி எடுத்த ஊர்களே இப்படியா!

மாமா: அப்போ அந்தப் பாக்சைட்டை நம்பிக் கட்டிய ஆலையை மூடிவிட்டார்களா?

அக்கா: இல்லை மாமா. லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனத்தின் ஆலை ஓடுகிறது, பாக்சைட் வேறு இடங்களிலிருந்து வருகிறது. கூத்து என்னவென்றால், சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்கும் முன்பே மலையடிவாரத்தில் ஆலையைக் கட்டி முடித்துவிட்டார்கள்.

பெரியப்பா: பெண்ணைக் கேட்காமல் பந்தல் போட்டிருக்கிறார்கள்.

சித்தி: ஹாஹா. ஆனால் பாக்சைட் இன்னும் மலை மேலேதானே இருக்கிறது? மறுபடி வர மாட்டார்களா?

அக்கா: வந்தார்கள் சித்தி. கிராம சபையைத் திரும்பக் கூட்ட வேண்டும் என்று ஒடிசா சுரங்கக் கழகம் மனு போட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பெரியப்பா: தம்பி, அந்த ஃபார்வர்டை அழித்துவிடு. தடுத்தது யார் என்றே தப்பாகப் போட்டிருக்கிறான்.

தம்பி: இன்னும் நாலு குரூப்பில் போட்டிருக்கிறேன் பெரியப்பா...