பயோடென்டின் பயிற்சியை லேபில் எப்படிச் சேர்ப்பது?

களியக்காவிளை_கான்ஸ்
எல்லையோரக் கல்லூரி, 20 பேர் பேட்ச். லேபில் இன்னும் ஜிங்க் ஆக்சைடு யூஜினால், அமால்கம் (பாதரசக் கலவை), ஜிஐசி (கிளாஸ் அயனோமர் சிமென்ட்) மட்டும்தான். பயோடென்டின் மாதிரி கால்சியம் சிலிகேட் சிமென்ட் தியரியில் ஒரு பக்கத்தோடு போகுது. பல்பாட்டமிக்கு (பல்லின் கூழில் மேல்பகுதியை மட்டும் நீக்கி, மீதியை உயிரோடு காப்பது) இரண்டு மணி நேரப் பயிற்சி ஒன்று போடணும். நான்கு பயோடென்டின் காப்ஸ்யூலுக்கு மேல் வாங்க அனுமதி இல்லை. பிடுங்கிய கடைவாய்ப் பற்கள் நிறைய இருக்கு. எங்கே சொதப்பும்னு சொல்லுங்க.

தக்கலை_மோலார்
முதல்ல பற்களைப் பிரிச்சு வைங்க. அமால்கம் இல்லாதவை ஆட்டோகிளேவுக்கு, 121 டிகிரியில் 40 நிமிடம். அமால்கம் இருந்தா ஆட்டோகிளேவில் போடவே கூடாது, பாதரச ஆவி கிளம்பும். 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறட்டும். காயவிட்டா விரிசல் விடும், தண்ணீரிலேயே வைங்க.

வேர் முனை ஈரமா இருக்கணும்னா கல்யாண அலங்காரக் கடைகளில் கிடைக்கும் பச்சை ஃபோமை நனைச்சு அதில் பல்லைச் செருகுங்க. கூழ் இருக்கும் சேம்பரின் கூரையை எடுத்து, கூழை ஓரிஃபிஸ் (வேர்க் கால்வாயின் வாய்) மட்டம் வரை நீக்கச் சொல்லுங்க.

நான்கு காப்ஸ்யூல்னா ஒன்றுக்கு ஐந்து பேர். ஐந்து பேரும் பல்லைத் தயாரா வைச்ச பிறகுதான் காப்ஸ்யூலைத் திறக்கணும். கேப்பைத் திறக்கும் முன் திரவ ஆம்பியூலைத் தட்டி, திரவத்தைக் கீழே இறக்கணும். சரியா ஐந்து சொட்டு. குமிழி கலந்த சொட்டு குறைச்சலா விழும், கலவை உதிரும். ஆறாவது சொட்டு விட்டா நீர்த்துப்போகும், பலமும் குறையும். அமால்கமேட்டரில் (காப்ஸ்யூலைக் குலுக்கிக் கலக்கும் மெஷின்) 30 விநாடி. சேம்பரில் குறைஞ்சது 2–3 மி.மீ. தடிமன் வரணும். பிளக்கரால் (சிமென்டை உள்ளே தட்டி வைக்கும் கருவி) லேசா தட்டினா போதும், அமுக்கக் கூடாது. கலந்ததிலிருந்து 12 நிமிடம் தண்ணீர் படக் கூடாது. பையன்கள் அவசரப்பட்டு ஸ்ப்ரே அடிக்கிறதுதான் நம்பர் ஒன் தப்பு.

நெய்யாற்றின்கரை_எண்டோ
கலக்கறதையும் வைக்கறதையும் ஒரு மணி நேரத்தில் பழகிடலாம் மேடம். கஷ்டம் முடிவெடுக்கறதில்தான். பிடுங்கின பல் ரத்தம் கசியாது, அதனால் இந்தப் பயிற்சியின் முக்கியமான பாதி லேபில் கிடைக்காது. ஐரோப்பிய எண்டோடான்டிக் சொசைட்டி 2019-லும் அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் சங்கம் 2021-லும் வெளியிட்ட நிலைப்பாடுகளைக் கையில் கொடுங்க. ஐரோப்பியக் குறிப்புப்படி, ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) நனைச்ச பஞ்சு வைச்சு ஐந்து நிமிடத்தில் ரத்தம் நிற்கலன்னா இன்னும் கொஞ்சம் கூழை நீக்கணும். பார்ஷியல் பல்பாட்டமி ஃபுல் பல்பாட்டமி ஆகும். ஓரிஃபிஸிலும் நிற்கலன்னா ரூட் கனால் பற்றி யோசிக்கணும்.

நோயாளி ஒப்புதலோடு கிளினிக்கில் வீடியோ எடுங்க. இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன?"ன்னு ஒவ்வொருத்தரையும் எழுதச் சொல்லுங்க. பஞ்சை அழுத்தி வைக்கறது, உறைந்த ரத்தக் கட்டியை அப்படியே விட்டு மேலே சிமென்ட் போடறது, இரண்டையும் வீடியோவில் காட்டிக் கண்டிக்கணும். ரப்பர் டேம் (எச்சில் படாம பல்லைத் தனியாக்கும் ரப்பர் தாள்) இல்லாம இதைப் பேசறதே வீண்.

களியக்காவிளை_கான்ஸ்
ரொம்ப உதவி சார். இங்கே எம்டிஏ (மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட், இதுவும் கால்சியம் சிலிகேட் சிமென்ட்தான்) பாக்கெட் ஒன்று பாதி மிச்சம் இருக்கு. அதையும் காட்டலாமா?

தக்கலை_மோலார்
திறந்து எத்தனை நாள் ஆச்சு? நம்ம ஊரில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, ஈரத்தை உறிஞ்சின பவுடர் பாதி இறுகிப் போயிருக்கும். விரலால் நசுக்கி, மணி மணியா இருந்தா தூக்கிப் போடுங்க. அடுத்த பாக்கெட்டைத் திறந்ததும் மூடி போட்ட சின்னக் குழாய்களில் பிரிச்சு, சிலிகா ஜெல்லோடு டப்பாவில் போடுங்க.

ஒப்பிட்டுக் காட்ட நல்ல பாடம் அது. டொராபினெஜாட் லோமா லிண்டாவில் உருவாக்கினது, போர்ட்லண்ட் சிமென்ட் வகை. பவுடர் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இறுக 2 மணி 45 நிமிடம் ஆகும், அதனால் வகுப்பு முடிஞ்சாலும் இறுகியிருக்காது. அதிலுள்ள பிஸ்மத் ஆக்சைடு ஹைப்போவோடு சேர்ந்தா கறுக்கும். முன்பல்லில் ஏன் தவிர்க்கறோம்னு இதை வைச்சே கேட்கலாம்.

நெய்யாற்றின்கரை_எண்டோ
ஒன்று விட்டுப்போச்சு. முடிவில் எக்ஸ்ரே எடுத்து, பிறகு பல்லை நெடுக்கா வெட்டிப் பாருங்க. பயோடென்டின் எக்ஸ்ரேயில் டென்டின் மாதிரியே மங்கலா விழும். "சார், உள்ளே ஒண்ணுமே இல்லையே"ன்னு சொல்ற பையன் கையில் வெட்டின பல்லைக் கொடுங்க. மார்க்கை எக்ஸ்ரேக்குப் போடாம, வெட்டின முகத்தில் தெரியற இடைவெளிக்குப் போடுங்க.