கட்டுநாயக்கவில் இருந்து ரொறன்ரோ: அம்மாவுக்கு எத்தனை மணித்தியாலம் ஆகும்?

பரந்தன்பிள்ளை:
அம்மாவுக்குக் கனடா விசா வந்துவிட்டது, தை மாதம் அக்காவிடம் போகிறார். டிக்கட்டில் கொழும்பில் புறப்படுவது திங்கள் அதிகாலை 3.00, ரொறன்ரோவில் இறங்குவது அதே திங்கள் பிற்பகல் 2.30 என்று இருக்கிறது. இடையில் டுபாயில் மாற வேண்டும். கணக்குப் பார்த்தால் பதினொன்றரை மணித்தியாலம்தான் வருகுது, ஆனால் சித்தப்பா ஒன்றரை நாள் பிடிக்கும் என்கிறார். எது சரி? அம்மா தனியாகப் போகிறார், 68 வயது.

மாங்குளத்தான்:
தங்கச்சி, இறங்கும் நேரம் ரொறன்ரோ நேரத்தில் போட்டிருக்கு. தை மாதத்தில் அவர்கள் எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் ஒன்பதரை. ஆக மொத்தம் 22 மணித்தியாலம். நேர்கோட்டுத் தூரம் கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர், அந்தக் கோடு ரஷ்யா, கிரீன்லாந்துக்கு மேலால் போகும். நேரடி விமானம் இல்லை. டுபாய்க்கு நாலரை மணித்தியாலம் அளவு, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 14, மிச்சம் காத்திருப்பு. சித்தப்பா சொன்னதும் பிழையில்லை, ஏனென்றால் வீட்டில் இருந்து கணக்குப் பார்க்க வேணும்: பரந்தனில் இருந்து வவுனியா, அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று 300 கிலோமீற்றருக்கு மேல், வான் வண்டியில் ஆறு ஏழு மணித்தியாலம், வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரத்தைச் சேர்க்காமல். கட்டுநாயக்க விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னுக்கு நிற்கவும் வேணும். ஞாயிறு பின்னேரம் வெளிக்கிட்டால்தான் சரி.

வவுனியா_ரவுண்:
யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் உங்களுக்குக் கிட்டத்தானே? அங்கிருந்து சென்னை, சென்னையில் இருந்து ரொறன்ரோ என்று போகலாமே. சென்னை 350 கிலோமீற்றர்தான், ஒன்றேகால் மணித்தியாலத்தில் இறக்கிவிடும்.

மாங்குளத்தான்:
@வவுனியா_ரவுண் அண்ணை, தனித்தனி டிக்கட் என்றால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பொதியை எடுத்துத் திரும்பப் போட வேணும், அதுக்கு இந்திய விசாவும் தேவை. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதுக்குப் பொறுப்பெடுக்க ஆள் இல்லை. வயசான ஆளைத் தனிய அனுப்பும்போது அது சரிவராது. கட்டுநாயக்கவுக்கு ஓடும் தூரம் கூடினாலும் பரவாயில்லை, ஒரே டிக்கட்டில் பொதி நேரே ரொறன்ரோ போக வேணும்.

நெடுங்கேணி அக்கா:
வீல்செயார் கேட்டுப் பதியுங்கோ பிள்ளை. அதுக்குக் காசு எடுக்கமாட்டார்கள். நடக்கத் தெரிந்த ஆளென்றாலும் கேளுங்கோ, கூட்டிக்கொண்டு போய் அடுத்த விமானத்தின் வாசலில் விடுவார்கள், அம்மா பலகையில் இங்கிலிஷ் வாசிக்கத் தேவையில்லை. சைவச் சாப்பாடு என்றால் ஒரு நாளுக்கு முன்னமே சொல்லிவைக்க வேணும், விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் மிச்சம் இருக்கிறதுதான் கிடைக்கும். மருந்து எல்லாம் கைப்பையில், பெரிய பொதிக்குள் வேண்டாம். மகளின் விலாசமும் தொலைபேசி எண்ணும் ஒரு தாளில் எழுதி கடவுச்சீட்டோடு வைத்துவிடுங்கோ.

பரந்தன்பிள்ளை:
நன்றி அக்கா, அண்ணை. திரும்பி வரும்போதும் இதே 22 மணித்தியாலமா?

மாங்குளத்தான்:
கொஞ்சம் குறையும். மேலே மேற்கில் இருந்து கிழக்காகக் காற்று வேகமாக அடிக்கும், அதனால் ரொறன்ரோவில் இருந்து டுபாய் பன்னிரண்டரை மணித்தியாலம் அளவுதான். ஆனால் நேரம் எங்களுக்கு எதிராக ஓடும்: திங்கள் இரவு 10 மணிக்கு அங்கே ஏறினால் கட்டுநாயக்கவில் இறங்க புதன் விடியற்காலை ஆகிவிடும். வான் வண்டியைச் செவ்வாய்க்கிழமைக்குச் சொல்லிவிடாதையுங்கோ.