வில்லி லோமன் பொய் சொல்கிறாரா, நம்பியே விட்டாரா?

கேள்வி: ஆர்தர் மில்லரின் 1949 நாடகம், 'விற்பனையாளரின் மரணம்', இப்போதுதான் வாசித்தேன். அதன் நாயகன், சேல்ஸ்மேன் வில்லி தெரிந்தே பொய் சொல்கிறாரா? அவர் மனைவி லிண்டா ஏன் வாயே திறக்கவில்லை?

பதில்: இரண்டும்தான். வில்லியின் மகன் பிஃப் முன்பு ஆலிவர் என்ற முதலாளியிடம் வெறும் ஷிப்பிங் கிளார்க், ஆனால் வீட்டில் சொல்லிச் சொல்லி சேல்ஸ்மேன் ஆக்கிவிட்டார்கள், கடைசியில் அவனே நம்பி ஆலிவரிடம் கடன் கேட்கப் போய் அவர் பேனாவைத் திருடிக்கொண்டு ஓடி வருகிறான்.

பதில்: இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இதே கதை. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிய சித்தப்பாவை அப்பாயி சாகும்வரை 'மெனேஜர்' என்றுதான் சொன்னது. தீபாவளிக்கு அவரும் சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டுதான் வருவார்.

பதில்: வில்லி தற்கொலைக்கென்று ஒளித்து வைத்திருக்கும் ரப்பர் குழாயை லிண்டா பகலில் எடுத்துவிட்டு, அவர் வீடு திரும்பும்போது அதே இடத்தில் திரும்ப வைக்கிறாளே, அவருக்கு அவமானமாகிவிடக் கூடாதாம். சரி, இதை அன்பு என்பதா?